முதுகில் வரைகிற படம்

தேர்வு நாள் காலை. மழை விட்ட சாலையில் ஸ்கூட்டர் ஆமையாய் ஊர்கிறது. பின்னால் வருகிறவர்கள் ஹாரனாலேயே திட்டிவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். ஓட்டுகிறவர் வெல்டிங் பட்டறைக்காரர், எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னால் பன்னிரண்டாம் வகுப்பு மகள், மடியில் உயிரியல் புத்தகத்தை மூடி வைத்து, கண்களையும் மூடிக்கொண்டு, ஒரு விரலால் அப்பாவின் முதுகில் சிறுநீரகத்தின் நெஃப்ரான் படத்தை வரைகிறாள். தோள்பட்டைக்குக் கீழே ஒரு கிண்ணம். அதிலிருந்து நெளிநெளியாய் ஒரு குழாய். அது முதுகெலும்பை ஒட்டி இறங்கி, பெல்ட்டைத் தொட்டு வளைந்து, மேலே ஏறியதும் விரல் நின்றுவிடுகிறது. “சே!” உள்ளங்கையால் சட்டையில் வரைந்ததை அழித்துவிட்டு மறுபடி கிண்ணத்திலிருந்து தொடங்குகிறாள். அவருக்குக் கூசுகிறது, ஆனாலும் நெளியாமல், பள்ளம் பார்த்து ஓட்டுகிறார். சிறுநீரகம் உடம்பில் எங்கே இருக்கிறதென்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. விரல் திணறுகிற இடம் மட்டும் முதுகுக்கு அத்துப்படி.

பள்ளி வாசல் வருகிறது. அவர் பிரேக்கைத் தொடவில்லை.

“அப்பா, ஸ்கூல் போயிடுச்சு!”

“அது எங்கயும் போகாது. இன்னும் நேரமிருக்கு, நீ வரைம்மா.”

தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வண்டி திரும்புகிறது. மறுபடியும் கிண்ணம், நெளிவு, இறக்கம், ஏற்றம். விரல் நிற்கிறது. அவர் மூச்சும் நிற்கிறது. பிறகு விரல் மெல்ல இடப்பக்கம் திரும்பி, நெளிந்து நெளிந்து போய், ஒரு நேர்கோட்டில் சேர்ந்து, அழுத்தமாய் ஒரு புள்ளி வைக்கிறது.

அப்பா பள்ளிப் பக்கம் இண்டிகேட்டர் போடுகிறார்.