மடு மண்

மெல்பேர்ண் ஐஸ் அரங்கின் வெளிச்சம் சூடில்லாமல் வெள்ளையாய்க் கொட்டுகிறது. பெயர்தான் தேசிய ஸ்கேட்டிங் போட்டி. பாதிக் கதிரைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன, வந்திருப்பவர்களும் ஆடுகிற பிள்ளைகளின் தாய் தகப்பன்தான். மகள் ஸ்ரெலா ஸ்கேட் பிளேடுகளின் பிளாஸ்ரிக் உறைகளைக் கழற்றித் தடுப்போரம் நிற்கும் மரியமலரிடம் நீட்டுகிறாள். "ஹோல்ட் தீஸ், அம்மா." ஐஸில் இறங்கி முதல் வளைவு எடுக்கையில் பிளேடு எப்போதும்போல் சீவிக்கொண்டு போகவில்லை, கரகரக்கிறது. மரியமலர் குனிந்து உறைகளுக்குள் பார்க்கிறாள். மண். காலையில் பிள்ளை எழும்புமுன் அவள்தான் போட்டாள், மன்னாரிலிருந்து பொத்திப் பொத்திக் கொண்டுவந்த மடு மாதா கோயில் மண்ணில் ஒரு சிட்டிகை. பாம்பு தீண்டாமல் காக்கிற மண், பிள்ளையை விழாமலும் காக்கட்டும் என்று. பூட்சுக்குள் போட்டால் காலை உறுத்துமே என்றுதான் உறைக்குள் போட்டாள். உடுப்பு மாற்றும் அறையிலிருந்து இவ்வளவு தூரமும் ஸ்ரெலா அந்த மண்ணைப் பிளேடால் மிதித்தபடியே நடந்து வந்திருக்கிறாள். மணல் பட்டால் பிளேட்டின் கூர் போய்விடும் என்று கோச் படித்துப் படித்துச் சொன்னது இப்போதுதான் உறைக்கிறது. நடு ஐஸில் ஸ்ரெலா கைகளை விரித்துத் தலையைச் சரித்து நிற்கிறாள். கூப்பிட வாயெடுத்த மரியமலர் உறைகளை அவசரமாய்க் கைப்பைக்குள் திணிக்கிறாள். விரலிடுக்கில் மண் ஒட்டியபடி இருக்கிறது. பாட்டுத் தொடங்குகிறது. பக்கத்தில் நிற்கும் புருஷன் கொட்பிறி அவளுடைய கையைப் பிடித்துக்கொள்கிறார். "ஏனப்பா இப்பிடிப் பயப்பிடுறாய்," என்கிறார் மெல்ல. "மாதா பாத்துக்கொள்ளுவா."