கட்டாயத் தேர்வு

நான், என் மனைவி ராஜாத்தி, மகள் மதி, பெண் பார்க்க வந்த பாரி, அவன் தாய் ரமாபாய். அன்று எங்கள் திருவொற்றியூர் வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்.

பாரிக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை. மதிக்கு அவனைப் பிடித்துவிட்டது.

“பத்தாவது பாஸா?” என்றேன்.

“மூணு தபா எழுதிட்டேன் மாமா. கணக்கு மட்டும் ஊத்திக்கினே கீது.”

“அந்தப் பரீட்சைய நாட்டுல எல்லாருக்கும் கட்டாயமாக்கணும். தேறாதவனுக்கு எங்க குடும்பத்துல பொண்ணு கிடையாது.”

மதி கண்கலங்கினாள். பாரி என்னை உற்றுப் பார்த்தான்.

“போன மாசம் கணக்குப் பரீட்சைல, என் பின் பெஞ்சுல பேனாவக் கடிச்சிகினு குந்தியிருந்தது நீங்கதானே மாமா?”

தை மாதத்தில் கல்யாணம் என்று உடனே முடிவு செய்தேன்.

நான் மாப்பிள்ளையின் தாளைப் பார்த்து எழுதியதாகத் தெருவில் பேசுகிறார்கள். அது சுத்தப் பொய். அவர் தாளில் ஒன்றுமே இல்லை.