கைக்குட்டை சுற்றிய மணி

மேப்பிள் இலைகளுக்குள் புகுந்துவரும் வெயிலில் என் கணவர் ஷூஹேயின் வெள்ளைத் தொப்பிகூடச் சிவந்திருக்கிறது. அவர் முதுகுப்பையில் கரடிமணி தொங்குகிறது. அதன் சத்தம் கேட்டால் கரடி விலகிப்போகும். காலையில் பஸ்ஸில் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று நான்தான் மணியின் நாக்கைக் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினேன். அவிழ்க்க மறந்துவிட்டோம். “மெதுவாப் போங்க. இலை பாக்க வந்தோமா, பந்தயம் ஓட வந்தோமா?” என்கிறேன். “இலை எங்கயும் போகாது. நீ உருட்டின சோத்து உருண்டைதான் முதுகை ஒடிக்குது, கல்லு மாதிரி,” என்று சிரித்தபடி வளைவில் திரும்புகிறார். ஓக் கொட்டைகளைத் தின்றுகொண்டிருந்த கரடி, இரண்டடி தூரத்தில் திடுக்கிட்டு எழுகிறது. ஒரே அறை. தொப்பி பறக்கிறது, அதோடு முகத்தின் ஒரு பாதியும் போகிறது. குப்புற விழுந்தவரின் கழுத்தைக் கவ்வி அது உலுக்குகிறது. காய்ந்த சருகுகள் சடசடக்கின்றன. என் கைத்தடி அதன் முதுகில் பட்டு முறிகிறது. “கினுயே, ஓடு,” என்கிறார் தரையைப் பார்த்தபடி. அவர் முதுகுப்பை, வார் அறுந்து, என் காலடியில் வந்து விழுகிறது. முடிச்சைப் பல்லால் கடித்துப் பிய்க்கிறேன். மணி ஒலிக்கிறது. கரடி தலை தூக்கிக் கேட்கிறது. அவரை விட்டுவிட்டுச் சரிவில் ஏறிப் போய்விடுகிறது. அவர் அசையவில்லை. நான் மணியை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். வளைவுக்குக் கீழே யாரோ பெண்கள், மணிச்சத்தம் கேட்டு, மலையேறுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வதுபோல, “வணக்கம்ங்க,” என்று குரல் கொடுக்கிறார்கள். “வணக்கம்ங்க,” என்கிறேன் நானும்.