பொத்து ஏன் விழவில்லை?

“உங்க வீட்டுக்காரரைக் கொன்னது யாருன்னு எனக்குத் தெரியும்மா. அவர் அன்னைக்கு ஏன் விழலைங்கறதுதான் தெரியலை” என்றார் இன்ஸ்பெக்டர்.

கதவைப் பிடித்தபடி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள் அந்தப் பெண். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள். ஒற்றை அறை வீடு. அப்போதுதான் துடைத்த தரை. இன்ஸ்பெக்டரின் பூட்ஸும், பின்னால் வந்த ஏட்டின் பூட்ஸும் அதில் அழுக்காகப் பதிந்தன. இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்துவிட்டு, கவனிக்காத மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார்.

செத்துப்போனவன் குத்துச்சண்டைக்காரன். ஜெயிக்க அல்ல, தோற்பதற்கென்றே மேனேஜர் வைத்திருந்த ஆள். எந்த ரவுண்டில் விழ வேண்டும் என்று மேனேஜர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். அதை வைத்து அவர் வெளியே பந்தயம் கட்டுவார். இவன் மேல் குத்து பட்டதோ இல்லையோ, பொத்தென்று விழுவான். அதனால் ஊரில் அவன் பெயரே ‘பொத்து’ என்றாகிவிட்டது.

அந்தப் பொத்து போன சனிக்கிழமை மூன்றாவது ரவுண்டில் விழவில்லை. கடைசி மணி வரை நின்று ஜெயித்துவிட்டான். கொஞ்ச நேரத்தில், உடை மாற்றும் அறையில் பின்மண்டை உடைந்து கிடந்தான்.

“மேனேஜர்தாம்மா அடிச்சது. உங்க வீட்டுக்காரர் ஜெயிச்ச ஒரே ஆட்டம், மேனேஜர் அழுத ஒரே ஆட்டம். ஆனா அந்த ஆள் என்ன சொல்றான் தெரியுமா? ‘என் ஆள் ஜெயிச்சா எனக்குச் சந்தோஷம்தானே, நான் எதுக்கு அடிக்கணும்? வேற கும்பல் அவனை விலைக்கு வாங்கி, காரியம் முடிஞ்சதும் தீர்த்துட்டாங்க’ங்கறான். வக்கீலும் கோர்ட்டுல இதே பாட்டைத்தான் பாடப்போறார். பொத்து ஏன் மனசு மாறினார்னு நான் நிரூபிக்கலைன்னா, மேனேஜர் கையை வீசிக்கிட்டு வெளிய வந்துடுவான்.”

“அந்தப் பேர் இந்த வீட்டுக்குள்ள வேண்டாம் சார்” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல்.

இன்ஸ்பெக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. சங்கடம் வந்தால் உடனே நக்கலும் வந்துவிடும் அவருக்கு. அவர் வாயைத் திறந்தால் ஸ்டேஷனே சிரிக்கும். சொன்ன வேகத்தில் அவர் மறந்துபோவார். ஏட்டுதான் அதையெல்லாம் டீக்கடையில் மறு ஒலிபரப்பு செய்வார்.

“சரிம்மா. இத்தனை வருஷம் விழுந்தே பொழைச்ச மனுஷன் திடீர்னு நின்னார்னா, யாராவது முட்டுக் கொடுத்திருக்கணும் இல்லையா?”

ஏட்டு மூக்கால் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

“பீரோவைத் திறந்து, பணம் ஏதாவது இருக்கான்னு பார்த்துக்கோங்க சார்.”

பீரோவில் நாலைந்து புடவைகள், பிதுக்கி முடித்த வலி மருந்து டியூப்புகள், ஒரு வெந்நீர்ப் பை. அடித்தட்டில் தேய்ந்துபோன கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி. ஏட்டு அவளுடைய துணிமணியை உதறத் தொடங்கினார். “விடுய்யா” என்று அதட்டினார் இன்ஸ்பெக்டர். புருஷனைப் பறிகொடுத்தவளின் புடவையைக் கிளறிக்கொண்டு நிற்கிறோமே என்று அவருக்கு உடம்பு கூசியது.

“யாரும் அவரை வாங்கலை சார். போன மாசம் நாங்க ரெண்டு பேரும் ஒரு கடைக்குப் போயிருந்தோம். அங்க ஒருத்தர் இவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். கடையே சிரிச்சுது. இவரும் கூடச் சேர்ந்து சிரிச்சார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.”

“அப்புறம்?”

“வாங்கப் போனதை வாங்காமலே திரும்பிட்டோம். வழி பூரா அவர் என் முகத்தைப் பார்க்கலை. வீட்டுக்கு வந்து, ‘நான் விழறதுக்கு நீ ஏன் தலை குனியணும்? ஒரே ஒரு தடவை நின்னு காட்டறேன்’னார். மறுநாள்லேருந்து விடியக்காலையில எழுந்து ஓடப் போனார். மேனேஜர்கிட்ட மூச்சு விடலை.”

“அவன் சும்மா விடமாட்டான்னு தெரியாதாம்மா?”

“அடிப்பான், வேலையை விட்டுத் துரத்துவான்னு நெனைச்சோம். அன்னைக்குத்தான் நான் முதல் தடவையா அவர் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். கடைசி மணி அடிச்சதும், அத்தனை கூட்டத்துல அவர் என்னைத்தான் தேடினார்.”

இன்ஸ்பெக்டருக்கு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மானத்துக்காக நின்றவன் வீட்டில் லஞ்சத்தைத் தேடி வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. அதை இறக்கிவைக்க அவருக்கு உடனே ஓர் ஆள் வேண்டியிருந்தது.

“யாரும்மா அவன், நாக்குல நரம்பில்லாதவன்?” என்று சீறினார். “மேனேஜர் அடிச்சது ரெண்டாவது அடி. முதல் அடி அடிச்சது அவன்தான். அவனைக் கூண்டுல ஏத்தி, சொன்ன வார்த்தையை ஜட்ஜ் முன்னால திரும்பச் சொல்ல வைக்கறேன். கேஸும் நிக்கும், அவனுக்கும் புத்தி வரும். நீங்க பேரை மட்டும் சொல்லுங்க.”

ஏட்டு இப்போது சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“பேர் தெரியாதுங்க சார். அன்னைக்கு மெத்தைக் கடையில, ‘மேடையிலேயே படுத்துத் தூங்கறவருக்கு மெத்தை எதுக்கு’ன்னு கேட்டீங்களே, அப்ப நாங்க உங்க பேரைக் கேட்டு வெச்சுக்கலை.”