அமுங்கிப்போன கடலைக்கொடிப் போர்

மாட்டுத் தீவனத்துக்காகக் கங்கையா குவித்து வைத்திருந்த கடலைக்கொடிப் போர் ஒரு பக்கமாக அமுங்கிக்கொண்டே வந்தது. வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன பக்கத்து நிலத்துச் சிரஞ்சீவிதான் கொடியைத் திருடுவதாக முடிவு கட்டினார். போரில் கடிக்கும் பூச்சி பெருகியிருந்ததால், திருடன் சொறிந்துகொண்டே வருவான் என்று சித்தூர் ரோட்டு மெடிக்கலில் காத்திருந்தார்.

சிரஞ்சீவி வந்து கடைக்காரரிடம் கேட்டார். "அரிப்பு மருந்து ஒண்ணு குடுப்பா."

"மாட்டினியா! சட்டைய தூக்கு!"

முதுகில் ஒரு தடிப்புகூட இல்லை. "எனக்கில்ல, என் சம்சாரத்துக்கு."

"பொம்பளைய உட்டுத் திருடறியா?"

கங்கையாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அவர் மனைவி செல்லியம்மா கத்தினாள்: "அரிப்பு மருந்து வாங்கினு வாய்யா! இனிமே மறைச்சி என்னா? நானும் சிரஞ்சீவி சம்சாரமும் தெனம் நம்ம போர்ல சாஞ்சிக்கினுதான் பேசிக்கினு இருந்தோம்!"

ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பெரிய டியூபா ஒண்ணே குடுப்பா," என்றார் கங்கையா. "எப்படியும் ஒண்ணா உக்காந்துதான் தடவிக்குவாங்க."