கையைத் தூக்கக் கூடாது

"ஐயோ சிஸ்டர், ஜல்தி வாங்க! கையைத் தூக்கறாரு!"

பரிமளா போட்ட சத்தத்தில் அந்த இருதய ஐசியூவே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் தேவிப்ரியா கையிலிருந்த மருந்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். போய்ப் பார்த்தால், பரிமளாவின் கணவர் இராஜமாணிக்கம் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"மூக்கு சொறிஞ்சா ஒண்ணும் ஆகாதும்மா. தோளுக்கு மேல கையைத் தூக்கக் கூடாது, வேகமா வீசக் கூடாது, அவ்ளோதான். ஆபரேஷனுக்காக அறுத்த நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க."

"வீசினா இன்னா ஆவும் சிஸ்டர்? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க, எனக்கு அந்தக் காது மந்தம்."

தேவிப்ரியா அவளுடைய வலப்பக்கம் வந்து நின்றாள். "எலும்பு விலகிடும். மறுபடியும் ஆபரேஷன்தான்."

பைபாஸ் முடிந்து இவர் கண் விழித்ததிலிருந்து இதே கேள்விதான். மற்ற பெண்டாட்டிகள் உப்பு சேர்க்கலாமா, முட்டை கொடுக்கலாமா என்று கேட்பார்கள். இந்தம்மாவுக்குக் கவலையெல்லாம் புருஷன் கை மேல்தான்.

இராஜமாணிக்கம், ஆரணியில் பெயர் சொன்னாலே தெரிகிற பட்டு வியாபாரி. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமும்போது உயிர் போகிற மாதிரி வலிக்கும். அந்த வலியிலும், "வூட்டுக்குப் போனதும் உங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு பட்டுப்புடவை பாப்பா" என்பார்.

இப்படித் தங்கமான மனுஷனுக்கு இப்படியொரு பேஜார் பிடித்த பெண்டாட்டியா என்று நர்ஸுகள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். தேவிகாபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த அவர் தங்கை கெங்கம்மாள் மட்டும், "எங்கண்ணன்னா அண்ணிக்கு உசுரு" என்று பெருமையடித்துவிட்டுப் போனாள்.

அன்று காலை அவரை வார்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டார் டாக்டர். தேவிப்ரியா அவர் நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் பரிமளா கஞ்சியை ஆற்றி ஸ்பூனில் எடுத்தாள்.

"ஏங்க, ஒரு வாய் குடிச்சிடுங்க."

ஸ்பூன் தவறி நாலு சொட்டு அவர் கழுத்தில் விழுந்தது. சூடு கூட இல்லை. அவருடைய வலது கை படுக்கையிலிருந்து விருட்டென்று எழுந்தது.

கிண்ணம் தரையில் உருண்டது. பரிமளா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள். அது யோசித்துச் செய்தது இல்லை, பழகிப் போன உடம்பு தானாகச் செய்தது. எழுந்த கையைப் பாதியிலேயே வலி பிடித்து இழுக்க, "அம்மா!" என்று முனகியபடி அவர் தலையணையில் சாய்ந்தார்.

தேவிப்ரியா அந்தக் கையைப் பார்த்தாள். இந்தக் கைக்கா இத்தனை நாள் வீங்காமல் பார்த்துப் பார்த்து ஊசி போட்டோம்! தங்கமான மனுஷனாம், தங்கம்.

"இருமுங்க" என்றாள்.

இருமினார்.

"போதாது. இன்னும் பலமா."

கண்ணில் தண்ணீர் கொட்டும் வரை இருமவைத்தாள். அதுவும் வைத்தியம்தான். ஆனால் இன்று அவளுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

பரிமளா தரையைத் துடைத்துவிட்டு எழுந்தாள். "எலும்பு கூடறதுக்கு எத்தினி நாள் ஆவும் சிஸ்டர்?"

"மூணு மாசம்."

"மூணு மாசம்தானா?"

அவள் முகம் செத்துப் போனது. கட்டிலில் கிடந்தவர் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால், தேவிப்ரியா உள்ளதைச் சொன்னதோடு நகர்ந்திருப்பாள்.

"மூணு மாசமெல்லாம் மத்தவங்களுக்கும்மா" என்றாள், அவருக்கும் நன்றாகக் கேட்கும்படி. "இவருக்கு எலும்பு ரொம்ப வீக்கு. இனிமே ஆயுசுக்கும் யார் மேலயும் கையை ஓங்கக் கூடாது. ஓங்கினா கம்பி பிச்சிகினு நேரா இருதயத்துல ஏறிடும். ஆளு அந்த இடத்துலயே காலி."

அவருடைய சிரிப்பு போன இடம் தெரியவில்லை. வலது கையை மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

பரிமளா அந்தப் போர்வையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிளாஸ்கில் மிச்சமிருந்த கஞ்சியை டம்ளரில் ஊற்றி, ஆற்றாமலே ஒரு ஸ்பூன் எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"வாயைத் தொறடா!"