பதினோராம் கட்டை

பெருவெள்ளத்தில் நகரம் கைவிட்ட சனங்கள் வாவிக்கரையில் கட்டிய ஊர் எங்களுடையது. இனி நகரத்துக்குத் திரும்புவதில்லை என்று சத்தியமும் செய்தார்கள்.

என் கல்யாணத்தன்று எங்கள் வீட்டுக் கேற்றடியில் நின்ற கட்டைக் கல்லில், நகரத்துக்குப் பதினொரு கிலோமீட்டர் என்றிருந்தது. பிறகு ஒன்பது. போன வருடம் ஆறு. கல்லை யாரும் மாற்றவில்லை.

"நம்மட ஊர் டவுன் பக்கம் போகுது," என்றேன் கணவரிடம்.

"உனக்கென்ன விசரா புள்ள?" என்று குணாளன் சிரித்தார். நேற்று மாலை அவராகவே சொன்னார்: "நாளைக்கு நேரத்தோட எழும்பாத. நல்லாப் படு."

ஏழு மணிக்கு எழும்பியபோது பக்கத்தில் அவர் இல்லை. கதவைத் திறந்தேன். கடைத்தெரு இல்லை. கோயில் இல்லை. அயல்வீடுகள் இல்லை. என் சீதன வீடு மட்டும் நின்றது. கல்லில் மறுபடியும் பதினொன்று.

கேற்றைத் தள்ளினேன். என்றைக்கும் கிறீச்சிடும் கேற்றுக்கு அவர் எண்ணெய் விட்டிருந்தார்.